அப்பாவோடு மெதுவாக நடக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கொடைக்கானலில் இருக்கும் நண்பர்களிடம் ஓர் உதவி.

அப்பாவுக்கு மூட்டுவலி. ஆனாலும் காலையில் என்னோடு நடக்க ஆசைப்படுகிறார். பத்தடிக்கு ஒருமுறை நின்று, கிளையில் தொங்கும் பாசி, ஓரத்துச் சின்னப் பூ எல்லாவற்றையும் காட்டுகிறார். சோலைக்குள் ஆள் சீழ்க்கையடிப்பது போலப் பாடுமே சீகாரப் பூங்குருவி, அதைக் கேட்டுவிட்டால் நகரவே மாட்டார். 2018இல் குறிஞ்சி பூத்தபோது கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அடுத்த பூப்புக்கு 2030 வரை காத்திருக்கணும். அப்பா காட்டும் இவையோ தினமும் இருக்கின்றன.

கோக்கர்ஸ் வாக் வசதிதான், ஆனால் கூட்டம். ஏரியைச் சுற்ற ஏறக்குறைய 5 கிலோமீட்டர், அவரால் முடியாது. வட்டக்கானல் பக்கம் ஏற்றமில்லாத, இடையிடையே உட்கார இடமுள்ள பாதை உண்டா? அப்புறம், செடி கொடிகள் தெரிந்த யாராவது ஒரு ஞாயிறு எங்களோடு வந்தால் அப்பா ரொம்பச் சந்தோஷப்படுவார்.