புதுப்பிப்பு: ஆல் போன்சாயின் தடித்த கிளை வளைந்துவிட்டது

மார்ச்சில் கேட்டிருந்தேன்: போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஆலமரத்தில் கட்டைவிரல் பருமனுள்ள கிளை மேல்நோக்கி விறைத்து நிற்கிறது, கீழே வளைக்க 4 மி.மீ. அலுமினியக் கம்பி சுற்றியும் அசையவில்லை, என்ன செய்வது என்று. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலித்தது, கிளையின் கீழ்ப்புறத்தில் ஆப்பு வடிவில் வெட்டச் சொன்ன யோசனைதான். இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, கிளை தண்டோடு சேரும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மெல்லிய ரம்பத்தால் வெட்டினேன். பால் கொட்டியது, துடைத்துத் துடைத்துக் கையெல்லாம் பிசுபிசுப்பு. பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக்கி இறுகச் சுற்றி, கிளையைக் கம்பியால் தொட்டி விளிம்புக்கு இழுத்துக் கட்டினேன். ஒரே மூச்சில் அல்ல, வாரத்துக்கு ஒரு முறுக்கு. எட்டாவது வாரம் டியூபைப் பிரித்தபோது வெட்டின் இரு உதடுகளும் ஒட்டியிருந்தன.

எதிர்பாராதது: நடுவில் நுனி இலைகள் பாதி உதிர்ந்தன. கிளை பட்டுவிட்டது என்றே நினைத்தேன். இருபது நாளில் வளைவின் முதுகில் இரண்டு தளிர்கள்! கம்பி படும் இடத்தில் ரப்பர் துண்டு வைக்க மறந்தது என் தவறு. பட்டையில் தழும்பு விழுந்துவிட்டது. காகிதப்பூச் செடியில் இதை முயலாதீர்கள். அதன் கிளை முறியும், நான் முறித்திருக்கிறேன்.