வெளிநாட்டில் ஊர் விட்டு ஊர் ரயில்: டிக்கெட் எடுத்த அனுபவத்தைப் போடுங்க

கரூர்க்காரர்

ஜனவரி வந்தால் எங்க ஊர் ஏற்றுமதிக்காரர்களில் பலரை ஜெர்மனியில், பிராங்க்பர்ட்டில்தான் பார்க்க முடியும். ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி. திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று கரூரில் ஓடுகிற தறிக்கெல்லாம் அங்கேதான் ஆர்டர் பேச்சு. அந்த நாட்களில் பிராங்க்பர்ட்டில் அறை வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். அதனால் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மான்ஹைமிலோ மைன்ஸிலோ தங்கிக்கொண்டு ரயிலில் வந்து போவோம். கண்காட்சி முடிந்ததும் சரக்கு வாங்குகிற பையர்களைப் பார்க்க ஹாம்பர்க், மியூனிக் பக்கம் போகிற வேலையும் இருக்கும். ரயில் டிக்கெட் எங்களுக்குச் சுற்றுலாச் செலவு இல்லை, தொழில் செலவு. அதனால் இதை நான் கொஞ்சம் கணக்குப் பார்த்தே செய்வேன்.

நம்ம சேரன் எக்ஸ்பிரஸில் இடம் இருந்தால் 60 நாள் முன்னால் எடுத்தாலும் நாலு நாள் முன்னால் எடுத்தாலும் ஒரே கட்டணம். தட்கல் என்றால்தான் கூட. அங்கே நெடுந்தூர வண்டிக்கு அப்படி இல்லை. ஒரே வண்டி, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து சீட், ஒருவர் கொடுத்தது இன்னொருவர் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும். சூப்பர் ஷ்பார்பிரைஸ் என்பது அடிமட்ட விலை. குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும், ரத்து செய்தால் பணம் வராது. ஷ்பார்பிரைஸும் குறிப்பிட்ட வண்டிக்குத்தான், ஆனால் பயண நாளுக்கு முன்பே ரத்து செய்தால் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஃப்ளெக்ஸ்பிரைஸ் என்றால் அந்த வழியில் அன்று எந்த வண்டியிலும் ஏறலாம், விலையும் அதற்கேற்ற மாதிரி.

"அப்போ முன்னாடியே சூப்பர் ஷ்பார்பிரைஸ் எடுத்துட வேண்டியதுதானே" என்று எல்லாரும் சொல்வார்கள். ஜெர்மனியில் இருக்கிறவர்களுக்கு அது சரி. நமக்கு விசா இருக்கிறதே! பாஸ்போர்ட் என்றைக்குத் திரும்பி வரும் என்பது நம் கையில் இல்லை. அது வராமல் பணம் திரும்பாத டிக்கெட் எடுப்பது சூதாட்டம். நான் செய்வது இதுதான். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை எந்த ரயிலுக்கும் காசு கட்டுவதில்லை. வந்த அன்றே ஹாம்பர்க் மாதிரி தூரப் பயணங்களுக்கு மலிவு டிக்கெட்டைப் போட்டுவிடுவேன். விலை கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், போகட்டும். விமானம் இறங்குகிற நாளுக்கு மட்டும் மலிவு டிக்கெட் எடுப்பதே இல்லை. விமானம் தாமதமானால், குடியேற்ற வரிசை நீண்டால், பெட்டி வர நேரமானால், அந்த வண்டி நமக்காக நிற்காது. விமான நிலையத்தை ஒட்டியே நெடுந்தூர வண்டி நிலையம் இருக்கிறது. பெட்டியை எடுத்த பிறகு போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். மான்ஹைம் அரை மணிச் சொச்சம்தான். ஒன்று கவனிங்க: அங்கே நெடுந்தூர நிலையமும் உள்ளூர் வண்டி நிலையமும் வேறு வேறு இடம். போர்டில் ஃபெர்ன்பான்ஹோஃப் என்று போட்டிருக்கிற பக்கம் போகணும்.

டிக்கெட் வேறு, சீட் வேறு என்பதைப் புதிதாக வருகிற பசங்களுக்குப் புரிய வைக்கத்தான் நேரமாகிறது. இரண்டாம் வகுப்பு டிக்கெட் என்பது வண்டியில் ஏறுவதற்கான உரிமை, அவ்வளவுதான். உட்கார இடம் வேண்டும் என்றால் ஐந்து யூரோ சொச்சம் தனியாகக் கட்டி முன்பதிவு செய்யணும். காத்திருப்போர் பட்டியல் கிடையாது, ஆர்ஏசி கிடையாது. வண்டி நிரம்பி வழிந்தாலும் டிக்கெட் விற்றுக்கொண்டே இருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாம்பர்க் வரை நின்றுகொண்டே போன எங்க ஊர்க்காரர் ஒருவர் இன்றும் அந்த ஐந்து யூரோவைப் பற்றிப் பேசுவார்.

மலிவு டிக்கெட் ஒரே வண்டியோடு கட்டிப் போடுகிறது என்றேன். அந்தக் கட்டு அவிழ்கிற இடமும் உண்டு. போய்ச் சேரும்போது 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், வேறு வண்டியில் ஏறிக்கொள்ளலாம். 60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் தாண்டினால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் வரும், தானாக வராது. இணைப்பு வண்டி மாறுகிற டிக்கெட் என்றால் இடையில் 8 நிமிடம் காட்டுகிற பட்டியலை நம்பாதீங்க. சாம்பிள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி ஏறுவதற்கே அது போதாது. தேடும்போதே மாறும் நேரத்தை அரை மணி என்று கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

கோவை, ஓய்வு பெற்ற ஆசிரியை

மகன் லீட்ஸில் இருக்கிறான். நாங்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். பிரிட்டனில் சீனியர் ரயில்கார்டு என்று ஒன்று உண்டு. 60 வயது ஆகியிருந்தால் போதும், அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. நிலையக் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கினோம். 2025 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 35 பவுண்டு. பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நம் நாட்டில் 2020-இல் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை இன்னும் திரும்பி வரவில்லை. அயல்நாட்டில் கிடைக்கும்போது விடலாமா?

அங்கேயும் அட்வான்ஸ் என்கிற மலிவு டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்குத்தான். வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் முன்னால் திறப்பார்கள். ஆஃப் பீக் டிக்கெட் என்றால் கூட்ட நேரம் தவிர மற்ற வண்டிகளில் ஏறலாம். எடின்பரோ போக அட்வான்ஸ் எடுத்தோம், அதுவும் ரயில்கார்டு சலுகையோடு. சீட் முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கரூர் தம்பி சொன்ன ஐந்து யூரோ இங்கே மிச்சம். வேறு செயலிகளில் போட்டால் சேவைக் கட்டணம் பிடிப்பது உண்டு, ரயில் கம்பெனிகளின் சொந்தத் தளத்தில் அது இல்லை.

லண்டனில் நிலையம் எது என்று பார்த்துக்கொள்வது முக்கியம். லீட்ஸுக்கும் எடின்பரோவுக்கும் கிங்ஸ் கிராஸ், மான்செஸ்டருக்கு யூஸ்டன், பிரிஸ்டலுக்கு பேடிங்டன். கிங்ஸ் கிராஸிலிருந்து யூஸ்டன் நடக்கிற தூரம்தான். பேடிங்டன் அப்படி ஓடிப் பிடிக்கிற தூரத்தில் இல்லை. நடைமேடை எண்ணைக் கடைசிப் பத்து இருபது நிமிடத்தில்தான் பலகையில் போடுகிறார்கள். அது வந்ததும் அத்தனை பேரும் ஒரே பக்கம் பாய்கிறார்கள். கோவை ஜங்ஷனில் எந்த மேடை என்று முன்னாலேயே தெரிந்து பெட்டிக்கு நேராகப் போய் உட்கார்ந்து பழகிய என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவே இல்லை.

திருப்பூர்க்காரர்

நான் சீனாவில் குவாங்சோ போகிறவன். அங்கே நடக்கிற கான்டன் வணிகக் கண்காட்சி பார்த்துவிட்டு, மொத்தச் சந்தை ஊரான யிவூ போவது வழக்கம். அதிவேக வண்டியில் ஆறு மணி நேரம் அளவில் ஆகும். சீனாவில் உங்க ஊர் யூரோ கணக்கு எதுவும் வேண்டாம். 12306 என்கிற அரசுத் தளத்திலும் செயலியிலும் ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. 15 நாள் முன்னால் திறக்கும். பாஸ்போர்ட் எண்ணோடு பதிய வேண்டும், சரிபார்ப்புக்கு நேரம் எடுக்கும், ஆகவே ஊரிலிருந்தே பதிந்துவிடுங்க. டிக்கெட் என்று காகிதம் எதுவும் கையில் இருக்காது. பாஸ்போர்ட்தான் டிக்கெட். உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தட்டிவிட்டு நுழைகிற கேட்டில் நம்ம பாஸ்போர்ட் பல இடங்களில் ஏறாது. ஓரத்தில் ஆள் நிற்கிற வழி ஒன்று இருக்கும், அங்கே போகணும். நிலையத்துக்குள் நுழையும்போதே பெட்டி ஸ்கேன், ஸ்ப்ரே டப்பாக்களுக்குக் கட்டுப்பாடு, கத்தி கூடாது. குவாங்சோ தெற்கு நிலையம் விமான நிலையம் மாதிரி அகலம். வண்டி கிளம்பச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னால் போங்க.

நாமக்கல்காரர்

எல்லாருமே விவரமாச் சொல்றீங்க. எனக்கு அதுக்கு முன்னாடியே தகராறு. கார்டு போகவே மாட்டேங்குது. இன்னொன்று, படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறான். என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. என்ன செய்யறதுங்க?

கரூர்க்காரர்

கார்டுக்கு முதலில் வங்கிச் செயலியைத் திறந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா பாருங்க. 2020-இலிருந்து புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்தபடிதான் வருகின்றன, ரிசர்வ் வங்கி விதி அது. நாமே திறந்து உச்ச வரம்பும் போடணும். அதற்கப்புறமும் ஓடிபி நம்ம இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த எண்ணுக்கு ரோமிங் போட்டுவிடுங்க, அங்கே வேறு சிம் வாங்கினாலும் இது போனில் இருக்கட்டும். ரூபாயில் கட்டலாமா யூரோவில் கட்டலாமா என்று கேட்டால் யூரோவையே தொடுங்க. ரூபாய் என்றால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள். நம் வங்கியும் கூடுதல் சதவீதம் பிடிக்கத்தான் செய்யும், அது கார்டுக்குக் கார்டு வேறு.

பெயர் விஷயம் நம்ம பக்கத்துக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்களுக்குக் கவலை இல்லை. எல்லாப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால், அதிலேயே இரண்டாவதாக இருப்பதைக் குடும்பப் பெயராகப் போட்டு ஜெர்மனியில் ஓட்டியிருக்கிறேன். பரிசோதகர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டு சொல்லும் கண்ணில் பட்டால் போதும் என்றுதான் இருந்தார்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரை மட்டும் எழுதக் கூடாது. கூப்பிடுகிற பெயர், ஊர்ப் பெயர் எதையும் சேர்க்காதீங்க. விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே போடுங்க.

பொள்ளாச்சிக்காரர்

ஜப்பானுக்குக் குடும்பத்தோடு போனோம். ரயில் பாஸ் எடுக்கச் சொல்லி ஆளாளுக்குச் சொன்னார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றிய பிறகு அந்த அறிவுரை பழசாகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு சீட்டோடு சேர்த்துச் சுமார் 14,000 யென். போய்வரவே 28,000 யென்தான். இதற்குப் பாஸ் எதற்கு? அந்தப் பாஸில் நொசோமி என்கிற அதிவேக வண்டியில் ஏறவும் தனியாகக் கட்டணும். தனித்தனி டிக்கெட்டே எடுத்தோம். ஊர் ஊராக ஓடுகிறவர்களுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

பெட்டி விஷயம் கவனிங்க. நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் டோக்கியோ கியோட்டோ தடத்தில் பின்வரிசை சீட்டாகப் பார்த்து முன்பதிவு செய்யணும். அதற்குக் கூடுதல் காசு இல்லை, ஆனால் பதியாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். வீட்டில் டேப் வைத்து அளந்துதான் பெட்டி எடுத்தோம். டோக்கியோவிலிருந்து போகும்போது இ வரிசை ஜன்னல் சீட் போட்டால் ஃபூஜி மலை தெரியும். எங்களுக்கு மேகம்தான் தெரிந்தது.

ஈரோட்டுக்காரர்

நாங்கள் திருச்சி போய் விமானம் பிடித்து மலேசியா போனோம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை இடிஎஸ் என்கிற மின்சார ரயில், பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் பினாங்கு. இங்கே நம்ம ஊர் மாதிரியே டிக்கெட் என்றால் சீட் எண்ணோடுதான். நின்றுகொண்டு போகிற பேச்சே இல்லை. சீட் தீர்ந்தால் தீர்ந்தது, காத்திருப்போர் பட்டியலும் இல்லை. அதனால் பிராங்க்பர்ட் அண்ணன் சொன்ன "கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரி ராயா சமயத்தில் அந்த நாட்டுக்காரர்கள் எல்லாருமே சொந்த ஊருக்குப் போவார்கள், வடக்கே போகிற வண்டிகளில் இடமே இருக்காது. கேடிஎம் என்கிற மலேசிய ரயில் நிறுவனத்தின் செயலியில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நேராக எடுக்கலாம். பத்துமலைக்குப் போவது உள்ளூர் கொமுட்டர் வண்டி, அதற்கு முன்பதிவு எதுவும் வேண்டாம், அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சில ஏஜென்டுகள் அதையும் தொகுப்பில் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கோபிக்காரர்

அக்கா, கோவையிலிருந்து எழுதியவருக்கு. எங்க அமுச்சிக்கு முட்டி வலி. பேரனைப் பார்க்க மான்செஸ்டர் போகணும். வண்டி ஏறி இறங்கத் துணை கிடைக்குமா? சக்கர நாற்காலி நாமளே கொண்டு போகணுமா?

கோவை, ஓய்வு பெற்ற ஆசிரியை

வேண்டாம் சாமி. பாஸஞ்சர் அசிஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது, காசு கிடையாது. செயலியிலோ போனிலோ பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பதியலாம், முந்தின நாளே பதிந்துவிட்டால் நிம்மதி. சாய்வுப் பலகை போட்டு ஏற்றிவிடுவார்கள், இறங்குகிற இடத்திலும் ஆள் வந்து நிற்பார்கள். யூஸ்டனில் எந்த இடத்தில் சந்திப்பது என்று பதியும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமுச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும்தானே, முதலில் அந்த ரயில்கார்டை வாங்கிவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.