அறிவியலும் தத்துவமும் கதைக்குள் ஒட்டாமல் நிற்கின்றன: எப்படி இணைப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதமாக ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 30 ஆண்டுகள் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியை, மூளை அழற்சியிலிருந்து பிழைத்தெழுந்த பிறகு, புதிய நினைவு எதையும் தக்கவைத்துக்கொள்ள முடியாதவராகிவிடுகிறார். காலையில் வந்துபோன மகளைப் பற்றி மாலையில், "அவள் வந்து எத்தனை நாளாயிற்று" என்று வருத்தப்படுகிறார். இப்படிப்பட்ட ஒருவர் 'நான்' என்று சொல்லும்போது அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

நான்காம் அத்தியாயத்தில் மருத்துவர் ஒருவர் மூளையில் நினைவு உருவாகும் விதத்தை மகளுக்கு விளக்குகிறார். ஐந்தாம் அத்தியாயத்தில், தத்துவப் பேராசிரியரான மருமகன், ஒருவருடைய பிரக்ஞை கடந்த காலத்தில் எதுவரை எட்டுகிறதோ அதுவரையில்தான் அவர் அதே ஆள் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இல் முன்வைத்த வாதத்தைப் பேசுகிறார். படித்துப் பார்த்த நண்பர்கள் மூவரும் இந்த இரண்டு அத்தியாயங்களையும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்ததாகச் சொன்னார்கள். இவற்றை எடுத்துவிட்டாலோ, நோயுற்ற தாயைப் பற்றிய குடும்பக் கதை மட்டுமே மிஞ்சுகிறது. அறிவியலும் தத்துவமும் கதையின் உடம்பாகவே ஆக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1

நண்பருக்கு, உங்கள் கதையில் அறிவியல் ஓர் அறையிலும் தத்துவம் இன்னோர் அறையிலும் குடியிருக்கின்றன. ஆசிரியையோ இரண்டுக்கும் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். விளக்கம் நீளமாக இருப்பதால் வந்த குறை இல்லை இது. மருத்துவர் சொல்லும் உண்மை இன்னும் போதிய அளவு கூர்மையாக இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

ஹென்றி மொலைசனை எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக 1953இல், அவருடைய 27ஆவது வயதில், மூளையின் இரு பக்கங்களிலும், புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகளை அகற்றினார்கள். அதன் பின் 2008இல் இறக்கும்வரை, நடந்த நிகழ்ச்சி எதுவும் அவருக்கு நினைவில் நிலைக்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு பயிற்சி கொடுத்தார். இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்று. அந்த இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் தாளையும் கையையும் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். முதல் நாள் எல்லோரையும் போலவே அவரும் தடுமாறினார். மூன்றாம் நாள் கோடு வழுவாமல் ஓடியது. ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

நினைவு போய்விட்டது என்று பொதுவாகச் சொல்லும்போது இரக்கம் எழுகிறது; தத்துவக் கேள்வி எழுவதில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை என்று கோடு கிழித்துச் சொல்லும்போதுதான், கற்றுக்கொண்டது யார் என்று கேட்காமல் நம்மால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை. லாக்கின் கோட்பாட்டை எவரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாளின் நட்சத்திரமே அதனோடு வழக்காடுகிறது. அறிவியல் உண்மை துல்லியமாக எந்த இடத்தில் முடிகிறதோ அந்த விளிம்பில்தான் தத்துவம் முளைக்கிறது. ஆகவே உங்கள் ஆசிரியையிடம் எது போயிற்று, எது போகவில்லை என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுக் கற்றுக்கொடுத்தவரின் விரல்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

மறுமொழி 2

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கதைமாந்தர் தத்துவம் பேசவே கூடாது என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தத்துவ வாதத்தையே கதையின் நிகழ்ச்சியாக்கிய காப்பியம் நம்மிடம் இருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் அவள் ஆண் துறவி வடிவம் கொண்டு, பல சமயவாதிகளிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே, பருப்பொருளான பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி, கண்ணால் காண்பதையே ஏற்பேன், அனுமானத்தால் கருதியறிவதை ஏற்கமாட்டேன், மறுபிறப்பும் இல்லை என்கிறான். தன் முற்பிறப்பை மணிபல்லவத்தில் அறிந்துகொண்டவள் அவள். அதைச் சொன்னபோது, தெய்வ மயக்காகவோ கனவாகவோ இருக்கும் என்று அவன் தள்ளிவிடுகிறான். உடனே அவள், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எந்த வகையில் அறிந்தாய் என்று கேட்கிறாள்.

அந்தக் காதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். நீண்ட பட்டியலாகச் செல்லும் பகுதிகளில் என் கவனமும் தளர்ந்ததுண்டு. இந்த இடத்தில் மட்டும் ஒருமுறையும் தளர்ந்ததில்லை. காரணம், இங்கே மோதுவது இரண்டு கொள்கைகள் மட்டும் அல்ல. அவளுடைய நினைவையே அவன் பொய் என்கிறான். அவன் சொல்வது சரியென்றால் அவளுடைய வாழ்க்கையே சரிந்துவிடும். உங்கள் பேராசிரியர் மருமகனுக்கு அந்த வாதத்தில் இழக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாததால்தான் அது பாடமாகிவிட்டது. அதே வாதத்தை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். தன்னைப் பெற்றவர் இவர்தானா என்பதை அவள் எதைக் கொண்டு அறிவாள்? இன்று வந்ததையும் நேற்று வந்ததையும் சேர்த்து நினைவில் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான் என்னும்போது, தாயின் 'நான்' என்பதில் ஒரு பகுதி மகளிடம் இருக்கிறதா? இதை அவள் பேசட்டும், தவறாகவும் பேசட்டும்.

மறுமொழி 3

மூளைக் காயமடைந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றுகிறேன். கதையைப் பற்றி உங்களைவிட எனக்குக் குறைவாகவே தெரியும். செய்திகளில் சிலவற்றை மட்டும் திருத்த விரும்புகிறேன்.

ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் கிருமியால் வரும் மூளை அழற்சி, நினைவு உருவாகத் தேவையான, நெற்றிப்பொட்டுப் பக்கமுள்ள மூளை மடல்களைத் தாக்குவதால், நீங்கள் சொல்லும் நிலை உண்மையிலேயே ஏற்படக்கூடியது. ஆனால் மறதி காலையிலிருந்து மாலைவரை காத்திருப்பதில்லை. கவனம் ஒன்றில் பதிந்திருக்கும்வரை பேச்சு இயல்பாகவே போகும். கவனம் விலகினால் அதோடு போயிற்று. மகள் காபி எடுத்துவர அடுக்களைக்குப் போய்த் திரும்பினாலே போதும், தாய் அவளைப் புதிதாக வந்தவளாக வரவேற்பார். 1985இல் இதே நோய்க்கு ஆளான ஆங்கிலேய இசைஞர் கிளைவ் வேரிங், மனைவி ஒவ்வொரு முறை அறைக்குள் வந்தபோதும் அப்படித்தான் வரவேற்றார். இப்போதுதான் விழித்தேன் என்று நாட்குறிப்பில் எழுதுவார். சற்று நேரம் கழித்து அதை அடித்துவிட்டு, இப்போதுதான் உண்மையில் விழித்தேன் என்று மறுபடி எழுதுவார். ஆனால் பியானோ வாசிக்கும் திறன் அவரிடம் அப்படியே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. இவர்கள் தவறிலிருந்து கற்பது கடினம். தவறு செய்தோம் என்பது நினைவில் இல்லாததால், அதே தவறு கையில் பழகிவிடும். எனவே முதலிலிருந்தே தவறு நேரவிடாமல், கையைப் பிடித்துச் சரியானதையே செய்யவைத்துக் கற்பிக்கும் முறையை 1990களிலிருந்து நினைவுக் குறைபாடு உள்ளவர்களிடம் சோதித்து வந்திருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். உங்கள் கதையில் யாராவது ஆசிரியைக்கு எதையாவது கற்றுக்கொடுப்பதாக இருந்தால், இது பயன்படக்கூடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரின் விளக்கத்தை எடுத்துவிட்டேன்; மருமகனைக் கணக்காளர் ஆக்கிவிட்டேன். அந்த இரு அத்தியாயங்களுக்குப் பதிலாக நேற்று எழுதிய பகுதியின் சாரத்தைக் கீழே தருகிறேன்.

பேத்தி கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் பாட்டிக்குப் பழக்குகிறாள். பழைய தட்டச்சுப் பொறியில் யளனகப என்று தொடங்கிய விரல்கள் அவை. அந்தப் பொறியில் புள்ளியைத் தனியாக வலது சுண்டுவிரலால் அடிக்க வேண்டும். தமிழ்99இல் அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். ம இரண்டு முறை விழுந்தால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிடும். இரண்டு பலகைகளிலும் ம இருப்பது வலது நடுவிரலின் கீழ் என்பதால், அந்தச் சொல்லில் அந்த ஓர் எழுத்து மட்டும் அவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சுண்டுவிரல் புள்ளியைத் தேடி எழும்போது, பேத்தி அதைத் தன் விரலால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். தினமும் பாட்டி, "இந்தப் பொறியை நான் பார்த்ததே இல்லையே" என்றுதான் தொடங்குகிறார். ஒரு நாள் பேத்தி பிடிக்க மறந்துவிடுகிறாள்; சுண்டுவிரல் எழவில்லை. திரையில் அம்மா என்று சரியாக விழுந்திருக்கிறது. பாட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் புள்ளியை யார் வைத்தது?" என்று கேட்கிறார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் நண்பரிடம் ஒரு கேள்வி. இது 15 நாளில் நடப்பதாக எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மறுமொழி 3 எழுதியவர்

15 நாள் போதாது. 30 ஆண்டுப் பழக்கத்தோடு போட்டியிட வேண்டிய புதிய பழக்கம் அது. சில மாதங்களாவது கொடுங்கள். இடையில் சில நாட்கள் பயிற்சி நின்றுபோய், பழைய அசைவு திரும்பி வருவதாகவும் காட்டலாம். சுண்டுவிரலைப் பேத்தி பிடித்துக்கொள்ளும் விதம் சரியாகவே இருக்கிறது.