பி.எஸ்சி. இரண்டாமாண்டு மின்காந்தவியல்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

வைகைக்கரை:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. முதலாண்டில் இயக்கவியல், வெப்பவியல் எல்லாம் சமாளித்துவிட்டேன், இந்த செமஸ்டர் மின்சாரமும் காந்தவியலும் தாளில்தான் திணறுகிறேன். வகுப்பில், மூடிய பரப்பு வழியே செல்லும் மின்பாயத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதியை எழுதி, டைவர்ஜன்ஸ் தேற்றத்தின்படி என்று ஒரு வரி சொல்லி, அடுத்த டெரிவேஷனுக்குப் போய்விடுகிறார்கள். மனப்பாடம் செய்து இன்டர்னலில் மார்க் வாங்கிவிடலாம், ஆனால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எங்கே கை வைப்பது என்றே தெரிவதில்லை. ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத ஆசை, அதனால் புரிந்துதான் படிக்க வேண்டும். ஒருவர் கிரிஃபித்ஸ் எழுதிய மின்காந்தவியல் புத்தகம் என்கிறார், ஒருவர் ஃபெய்ன்மேன் விரிவுரைத் தொகுதி என்கிறார், இன்னொருவர் என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வீடியோ போதும் என்கிறார். போனில் பிடிஎஃப் நிறைய சேர்ந்துவிட்டது, எதிலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. ஆங்கிலம் நிதானமாகப் படித்தால் புரியும், வேகமாகப் பேசினால் தவறவிடுகிறேன். எதில் தொடங்கலாம், அண்ணன் அக்காக்கள் சொல்லுங்கள்.

லேப்கோட்:

தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களைத் தடுப்பது மின்சாரம் இல்லை, வெக்டர் கால்குலஸ். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வெக்டர் இயற்கணிதத்தோடு நின்றுவிடுவார்கள்: டாட், கிராஸ், கோடு, தளம், அவ்வளவுதான். இடத்துக்கு இடம் மாறும் ஒரு புலத்தை எப்படி வகையிடுவது என்பது அங்கே கிடையாது, அலைடு மேத்ஸில் அது வருவதற்குள் இயற்பியல் தாளில் காஸ் விதி முடிந்திருக்கும். அதனால் கிரிஃபித்ஸை எடுங்கள், ஆனால் முதல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அது முழுக்க வெக்டர் கணிதம்தான்.

படிப்பதைவிடப் போட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். ஒன்று சொல்கிறேன், இப்போதே நோட்டில் போடுங்கள். மையத்திலிருந்து வெளிநோக்கி, தூரத்துக்குச் சமமான அளவில் இருக்கும் ஒரு புலம். அதன் டைவர்ஜன்ஸ், அதாவது ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு வெளியே பரவுகிறது என்பதன் அளவு, எல்லா இடத்திலும் 3. ஆரம் 1 உள்ள கோளத்தின் கன அளவு 4 பை-யை 3 ஆல் வகுத்தது, 3 ஆல் பெருக்கினால் 4 பை. இப்போது கோளத்தின் மேற்பரப்புக்கு வாருங்கள், அங்கே புலத்தின் அளவு 1, பரப்பு 4 பை, பரப்பு வழியே வெளியே போகும் புலத்தின் மொத்த அளவான பாயமும் 4 பை. உள்ளே இருக்கும் டைவர்ஜன்ஸின் மொத்தமும் மேற்பரப்பு வழியே வெளியேறும் பாயமும் சமம், இதுதான் டைவர்ஜன்ஸ் தேற்றம், கையாலேயே சரிபார்த்தாயிற்று.

அடுத்து, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் புலத்தை எடுங்கள். டைவர்ஜன்ஸ் எங்கே பார்த்தாலும் சுழியம், ஆனால் எந்த ஆரத்தில் கோளம் போட்டாலும் பாயம் 4 பை! தேற்றம் பொய்யா? இல்லை, மையப்புள்ளியில் மட்டும் டைவர்ஜன்ஸ் சுழியம் இல்லை, முழு 4 பை-யும் அந்த ஒரு புள்ளியில் இருக்கிறது. அங்கேதான் மின்னூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே புள்ளியில் குவிந்திருப்பதைக் குறிக்கும் டிராக் டெல்டா எதற்கு வந்தது, கூலும் விதியும் காஸ் விதியும் எப்படி ஒன்றாகின்றன என்பதெல்லாம் இதிலிருந்தே திறந்துகொள்ளும். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில் இது இருக்கிறது, எத்தனை நாள் ஆனாலும் அதைப் போட்டு முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள்.

கர்ல் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் புலம் எவ்வளவு சுற்றவைக்கிறது என்பதன் அளவு, அதை வெறுமனே சுழல்வது என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலும் குழப்பம் வரும். வாய்க்காலில் தண்ணீர் நேராகத்தான் ஓடுகிறது, ஆனால் அடியில் மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடினால் அதற்கு கர்ல் உண்டு, சின்னச் சக்கரம் ஒன்றை உள்ளே வைத்தால் சுற்றும். மாறாக, நேரான கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலம் வட்டம் வட்டமாகப் போகிறது, ஆனால் கம்பிக்கு வெளியே அதன் கர்ல் சுழியம். இரண்டையும் போட்டுப் பாருங்கள், மின்னோட்டத்தையும் காந்தப்புலத்தையும் இணைக்கும் ஆம்பியர் விதியில் பயமே இருக்காது.

மலைக்கோட்டை டீச்சர்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தமிழ்வழியில் வந்த பிள்ளைக்கு அதற்கு முன்னால் ஒரு படி வேண்டும். நான் இந்தத் தாளை எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நம் பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. நிலை மின்னியல் பாடத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் படி தம்பி. விஷயம் உனக்கு ஏற்கெனவே தெரிந்தது, ஆங்கிலம் மட்டும்தான் புதிது, அதனால் வேகமாகப் பழகும். அப்புறம் கிரிஃபித்ஸ் திறந்தால் வாக்கியம் வாக்கியமாக நிற்க வேண்டியிருக்காது.

வீடியோவுக்கு என்பிடெல்லில் ஐஐடி கான்பூர் மனோஜ் ஹர்போலாவின் மின்காந்தவியல் அறிமுகம் பார். வேகத்தை 0.75 இல் வை, நோட்டில் கூடவே எழுது, எழுதாமல் பார்த்தால் எதுவும் தங்காது. பல்கலைக்கழகக் கேள்வித்தாளைத் தமிழில் தீர்த்துக் காட்டும் சேனல்கள் பரீட்சைக்கு முந்தின வாரம் உதவும், ஜாமுக்கு அவை போதாது.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. கிரிஃபித்ஸில் ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சுற்றுகளுக்குத் தனி அத்தியாயமே கிடையாது, ஆனால் உன் செமஸ்டரிலும் ஜாம் பாடத்திட்டத்திலும் அது உண்டு. அதற்கு முருகேசனோ பிரிஜ்லால் சுப்ரமணியமோ, கல்லூரி நூலகத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள். இந்தப் புத்தகங்களைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள், கேட்காதே, பகுதி வாரியாகக் கணக்குப் போட அவை நல்லவை.

கொடைரோடு:

ஃபெய்ன்மேன் இரண்டாம் தொகுதியை வாங்க வேண்டாம், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத் தளத்திலேயே முழுவதும் இலவசமாகப் படிக்கலாம். அதில் 2, 3 அத்தியாயங்கள் வெக்டர் கால்குலஸ்தான், ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் பாடத்தின் முடிவில் பயிற்சிக் கணக்கு கிடையாது, அதனால் கிரிஃபித்ஸுக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள். மதுரை என்கிறாய், நத்தம் ரோட்டில் 2023 இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, போய் உட்கார்ந்து படிக்க அருமையான இடம். போனை உள்ளே வைத்துவிட்டு நோட்டோடு போ.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. லேப்கோட் அண்ணா சொன்ன கணக்கைப் போட்டேன், 4 பை இரண்டு பக்கமும் வந்தது! டீச்சர், ஏசி சுற்று விஷயம் சொன்னதற்குத் தனி நன்றி. கடைசியாக ஒரு கேள்வி: கிரிஃபித்ஸ் விடைத்தொகுப்பு ஒரு நண்பனிடம் இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளலாமா? எல்லா அத்தியாயமும் போட வேண்டுமா?

லேப்கோட்:

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு கணக்கில் படம் வரைந்து, சமச்சீர் என்ன என்று எழுதி, குறைந்தது அரை மணி நேரம் முட்டிப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். திறந்தாலும் முதல் இரண்டு வரி பார்த்துவிட்டு மூடி, மீதியை நீங்களே போடுங்கள். முதல் சுற்றில் 1, 2, அப்புறம் 5, 7 போதும். 3 இல், கடத்திக்குப் பதில் கற்பனை மின்னூட்டத்தை வைத்துக் கணக்கிடும் பிம்ப முறையை மட்டும் இப்போது படியுங்கள், லாப்லாஸ் சமன்பாட்டில் மாறிகளைப் பிரிக்கும் பகுதி அடுத்த சுற்றுக்கு. 4, 6 செமஸ்டர் விடுமுறையில். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஜாம் பழைய வினாத்தாளில் அந்தப் பகுதிக் கேள்விகளை எடுத்துப் போடுங்கள். 60 கேள்வியில் 20க்கு விடைத் தெரிவுகளே தர மாட்டார்கள், எண்ணை நீங்களே தட்ட வேண்டும், மனப்பாடம் அங்கே எடுபடாது. ஏதாவது கணக்கில் நின்றுவிட்டால் நீங்கள் போட்டது வரைக்கும் எழுதி இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.