உயரத்தில் உடற்பயிற்சி, சத்து மாத்திரை, ஹார்மோன்: லே சென்று வந்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஓட்டக்காரர், கோயம்புத்தூர்

லடாக் மாரத்தானில் அரை மாரத்தான் ஓடுவதற்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து, எங்கள் ஓட்டக் குழுவில் ஆளுக்கொரு மாத்திரையைச் சொல்லத் தொடங்கினார்கள். பீட்ரூட் பொடி, அஸ்வகந்தா, வைட்டமின் இ என்று பட்டியல் நீண்டது. என்னைப் பரிசோதித்த மருத்துவர் அவை எதையும் பொருட்படுத்தாமல், ஃபெரிட்டின் பரிசோதனை ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 12.4 என்று இயல்பான அளவில் இருந்தபோதும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11 மட்டுமே இருந்தது. மாதவிடாய் உள்ள பெண் ஓட்டக்காரர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதுதான் என்றார்.

அந்த மாரத்தான் நடக்கும் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான் என்றாலும், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. இதை உணர்ந்த சிறுநீரகம் சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சில மணி நேரத்திலேயே கூடுதலாகச் சுரக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் உச்சத்தைத் தொடும் அந்த அளவு பிறகு படிப்படியாக இறங்குகிறது. செல்கள் ஆக்சிஜன் குறைவை எவ்வாறு உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், ஹார்மோன் கட்டளையிட்டாலும் சிவப்பணு செய்ய இரும்பு வேண்டுமே! 1990களில் ஸ்ட்ரே-கண்டர்சன், லெவின் என்ற ஆய்வாளர்கள் ஓட்டக்காரர்களை 2,500 மீட்டர் உயரத்தில் 4 வாரம் தங்க வைத்துப் பார்த்தபோது, ஃபெரிட்டின் குறைவாக இருந்தவர்களுக்குச் சிவப்பணு அளவு கூடவே இல்லை.

இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில், காபி குடிப்பதற்கு வெகு நேரம் முன்பே எடுக்கச் சொன்னார் மருத்துவர். ஒரு வேளை மாத்திரை உள்ளே சென்றதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, அடுத்த நாள் வரும் இரும்பைக் குடல் உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. கடுமையான ஓட்டத்துக்குச் சில மணி நேரம் கழித்தும் அதே ஹெப்சிடின் உயர்கிறது. காலைக் காபியைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு முழுப் பயிற்சியிலும் கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்னாள் இராணுவ வீரர், வேலூர்

சகோதரி இரும்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் லேயில் இறங்கிய முதல் வாரத்தில் சிவப்பணு எவருக்கும் கைகொடுப்பதில்லை, ஏனென்றால் அது பெருகுவதற்கு வாரங்கள் ஆகும். அந்த நாள்களில் ஹீமோகுளோபின் கூடியதாகப் பரிசோதனையில் தெரிந்தால், இரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

எங்களுக்கு இராணுவத்தில் அக்ளிமடைசேஷன், அதாவது உடலை உயரத்துக்குப் படிப்படியாகப் பழக்குவது, மாற்ற முடியாத விதி. 3,600 மீட்டர் வரையிலான முதல் கட்டத்துக்கு 6 நாள். அதில் முதல் 2 நாள் முழு ஓய்வு, அடுத்த 2 நாள் சமதளத்தில் மெதுவான நடை, கடைசி 2 நாள் சற்று நீண்ட நடையும் சிறிய ஏற்றமும் இருக்கும். 4,500 மீட்டர் வரை ஏற மேலும் 4 நாள், அதற்கு மேல் செல்ல இன்னும் 4 நாள். எவ்வளவு உடல் வலு உள்ளவராக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால், ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இளைஞர்கள்தான் ஓய்வு நாளில் தண்டால் எடுக்கிறேன் என்று கிளம்பித் தலைவலியோடு மருத்துவ அறைக்கு வந்து நிற்பார்கள்.

ஓய்வாக இருக்கும் உடல், உயரத்தில் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றிவிடுகிறது. நன்றாகப் பழகி வருபவருக்கு முதல் நாள்களில் சிறுநீர் அதிகமாகப் போகும். அந்த நேரத்தில் கடுமையாக ஏறினால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்ந்து, அதே உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவிடுகிறது. நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு கண்ணிமைகள் தடித்து, கைக்கடிகாரத்தின் வார் மணிக்கட்டில் பதிந்து நிற்பதைப் பல தோழர்களிடம் பார்த்திருக்கிறேன். எங்கள் மருத்துவ உதவியாளர் காலையில் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணுவார். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் நோரெபிநெஃப்ரின் என்ற ஹார்மோன் முதல் வாரம் முழுவதும் ஏறிக்கொண்டே போவதால், ஓய்விலும் துடிப்பு அதிகமாகத்தான் இருக்கும். இப்போது சுற்றுலாவாக வரும் பிள்ளைகள், உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபின் பொடியை அதன் மேல் கலக்கிக் குடிப்பதைக் காணும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

உடலியங்கியல் ஆசிரியர், மதுரை

ஐயா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன். மாணவர்களை லடாக் மலைநடைக்கு அழைத்துச் சென்றபோது, ஒருவரின் பையில் ஜின்கோ மாத்திரை இருந்தது. இயற்கை மருந்து என்பதால், தலைவலி, குமட்டல் என்று வரும் உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடுக்குப் பதில் அதை எடுப்பதாகச் சொன்னார். எவரெஸ்ட் வழித்தடத்தில் 600க்கும் மேற்பட்ட மலையேறிகளிடம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஜின்கோ வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை. அசெட்டசோலமைடு உயர நோயைத் தெளிவாகக் குறைத்தது. அது சத்து மாத்திரை அன்று, மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து என்பதையும் அவரிடம் விளக்கினேன்.

லேயில் எல்லோரும் பேசும் இன்னொன்று, அங்கே சோலோ எனப்படும் ரோடியோலா என்ற மூலிகை. லேயில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஹார் அதைப் பயிரிட்டு ஆராய்கிறது. பிரதமரும் 2019 ஆகஸ்டில் தம் உரையில் அதைக் குறிப்பிட்டார். மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கிறார்கள். அதன் தளிரைக் கீரையாகச் சமைத்து உண்பது லடாக்கியரின் வழக்கம், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஓய்வு நாளைக் குறைத்துக்கொள்ள அதை நம்புவதற்குப் போதுமான ஆதாரத்தை நான் கண்டதில்லை. முகத்தில் மாட்டும் பயிற்சி முகமூடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மூச்சிழுப்பதைக் கடினமாக்குமே ஒழிய, லேயின் காற்றழுத்தத்தைச் சென்னையில் உண்டாக்காது.

மிதிவண்டி ஓட்டுநர், சேலம்

மணாலியிலிருந்து லே வரை மிதித்தபோது எனக்கு வந்த தொல்லை பசியின்மை. உயரமும் கடும் உழைப்பும் சேரும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் குறைகிறது என்பதைப் பின்னர் படித்தேன். தட்டில் சோறு இருக்கும், இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காது. தசை கரையாமலிருக்கப் புரதப் பொடியை இரட்டிப்பாக்கியவர் குழுவில் இருந்தார், அவரும் இளைத்துத்தான் திரும்பினார். அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்தில், 4,300 மீட்டர் உயரத்தில் செய்த ஆய்விலும், மொத்த உணவு போதாதபோது புரதத்தை இரட்டிப்பாக்கியும் தசை இழப்பு குறையவில்லை. உணவுப் பற்றாக்குறை நீடித்தால் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் இறங்குகிறது. எனக்கு உதவியது, அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்ட உலர்ந்த ஆப்ரிகாட்டும் இனிப்புத் தேநீரும்தான். ஒரே அளவு ஆக்சிஜனுக்குக் கொழுப்பைவிட மாவுச்சத்து சற்று அதிக ஆற்றலைத் தருவதால், அங்கே அது வீண் போவதில்லை.

இரும்பைப் பற்றி ஒரு கேள்வி: ஆண்களும் முன்கூட்டியே எடுக்கலாமா?

ஓட்டக்காரர், கோயம்புத்தூர்

ஃபெரிட்டின் பார்க்காமல் எடுக்காதீர்கள், அண்ணா. எங்கள் குழுவில் ஒருவருக்கு அது ஏற்கெனவே மிக அதிகமாக இருந்ததால், மருத்துவர் அவரை மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். உபரி இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை, அது கல்லீரலில்தான் போய்ச் சேரும். குறைவு என்று தெரிந்தால், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்; கிளம்பும் வாரத்தில் விழுங்கினால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.