வியாசர்பாடியிலிருந்து காவாங்கரைக்கு: ஒரு பர்மா அகதியின் மகன் கண்டவை

மூலக்கடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயின்ட் கடை நடத்தி வருகிறேன். காலை ஏழு மணிக்கே வந்து பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் புறப்படும் பெயின்டர்களில் பலர் புழல் காவாங்கரையில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர்கள். உயரமான கட்டடங்களில் சாரம் கட்டியும் கயிற்றில் தொங்கியும் வேலை செய்வதில் அவர்கள் தேர்ந்தவர்கள். கடன் சொன்னால் சொன்ன தேதியில் திருப்பித் தருபவர்கள் என்பதால் அவர்களுக்கென்று தனியாகவே ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

2016-ஆம் ஆண்டில் ஒரு நாள், கடையில் கூட்டம் ஓய்ந்திருந்த மதிய வேளையில், அவர்களில் ஒருவர் வெகுநேரம் நின்றுவிட்டு, "அண்ணை, மோட்டார் சைக்கிள் ஒண்டு எடுக்கப் போறன். உங்கட பேரில எடுக்கலாமோ? காசு முழுக்க நான்தான் கட்டுவன்" என்று கேட்டார். தம் பெயரில் வண்டியைப் பதிவு செய்ய முடியாமல் முகாமில் பலரும் இப்படி ஊர்க்காரர் ஒருவர் பெயரில்தான் வாங்கி ஓட்டுகிறார்கள் என்று அவரே சொன்னார். இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது எட்டு. அன்று முப்பத்து நான்கு. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த நகரத்தின் சுவர்களுக்கு வண்ணம் பூசிய குடும்பத்தைச் சேர்ந்த மனிதர், தாம் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் வண்டிக்கு என் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றார். சரி என்று சொன்னேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நானும் அகதியின் மகன்தான்.

என் பெற்றோர் 1965-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன என் தாத்தா அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அப்பா சிறிய மளிகைக்கடை வைக்கும் அளவுக்கு வளர்ந்தார். 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், கடையில் சேர்த்த பணமும் காகிதமாகப் போனதும் அப்பா கப்பலுக்குப் பெயர் கொடுத்தார். துறைமுகச் சோதனையில் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கப்பல் ஏறியதை அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே சோதனையில் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த ஒரு காகிதத்தை மட்டும் எவரும் பறிக்கவில்லை. இந்தியத் தூதரகம் கொடுத்த பயணச் சான்று அது. சிறு வயதில் அதை நான் பழைய குப்பையாகவே நினைத்தேன். காவாங்கரைக்குப் போய்வந்த பிறகுதான் அதன் மதிப்பு எனக்கு விளங்கியது. அந்தச் சான்று அவரைத் "தாயகம் திரும்பியவர்" என்று அடையாளப்படுத்தியது. அதை வைத்து வியாசர்பாடியில் குடியிருக்க இடமும், தொழில் தொடங்க அரசுக் கடனும், குடும்ப அட்டையும், வாக்காளர் பட்டியலில் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. தமிழ்நாட்டுக்கு அப்படி வந்த பர்மாத் தமிழர்கள் ஏறத்தாழ 1,44,000 பேர். 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானபோது, அப்பா பலகை போட்ட ஒரு சிறு கடையில் கைக்கடிகாரமும் டார்ச் விளக்கும் விற்றார். அதே 1969-இல்தான் எங்களைப் போன்றோருக்காகவே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. என் அக்காவின் திருமணச் செலவுக்கும், பின்னாளில் என் பெயின்ட் கடைக்கும் முதல் கடன் அங்கிருந்துதான் கிடைத்தது.

எங்கள் மக்கள் எல்லாரும் செழித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மழை பெய்தால் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும் தெருக்களில்தான் வளர்ந்தோம். "பர்மாக்காரன்" என்பது பள்ளியில் எங்களுக்கு வைக்கப்பட்ட வசைப்பெயர். கடத்தல் பொருள் விற்பவர்கள் என்ற பெயர் பஜாரில் நேர்மையாக விற்றவர்களையும் சேர்த்தே அழுக்காக்கியது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுப் பொருள்கள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கத் தொடங்கியதும் பஜாரின் வருமானம் படுத்துவிட்டது. இங்கே வாழ முடியாமல் பர்மாவுக்கே நடந்து திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. இன்றும் எங்கள் பகுதியில் கூலி வேலைக்கும், பாரிமுனைப் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் விற்கும் தள்ளுவண்டிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எவரும் வண்டி வாங்க இன்னொருவர் பெயரைக் கடன் கேட்பதில்லை.

வண்டி வாங்கிய பிறகு அந்தத் தம்பி என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். என் கடையிலிருந்து காவாங்கரைக்குப் பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. இருந்தும் அன்றுதான் முதல் முறையாக முகாமுக்குள் நுழைந்தேன். பத்துக்குப் பத்து அடி என்று கணக்கிட்டுக் கட்டப்பட்ட அறைகளைத் தட்டியும் தகரமும் வைத்து முன்னும் பின்னும் நீட்டியிருந்தார்கள். அவர் அம்மா, "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்" என்று சொல்லி, கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தார். 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது திருகோணமலையை விட்டு நடந்தது, மன்னார் கரையில் படகுக்காரருக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தது, தனுஷ்கோடி மணலில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனது என அந்த அம்மா சொல்லச் சொல்ல, என் அம்மாவின் குரலையே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நகையைக் கொடுத்துக் கடலைக் கடந்த இரண்டு பெண்களின் கதைக்கும் இடையே வேறுபாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கரை ஏறிய பிறகுதான் வேறுபாடு தொடங்குகிறது. 1983 ஜூலை வன்முறையிலிருந்து 2010 வரை பல அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். பலர் திரும்பிப் போய்விட, எஞ்சியவர்களில் ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் ஆகிறார்கள். மாநில அரசு அவர்களைக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதப் பணக்கொடை, ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம், மருத்துவம் எல்லாம் கிடைக்கின்றன. 2021-இல் குடும்பத் தலைவருக்கான தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தார்கள். "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். எனினும் அதிகாரிகள் வந்து ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் குடும்பமே வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதால், என் கடைக்கு வருகிறவர்கள் அன்றைக்கு எவ்வளவு பெரிய வேலை கிடைத்தாலும் ஒப்புக்கொள்வதில்லை.

முகாமில் நான் சந்தித்தவர்களில் என்னை அதிகம் கலங்கவைத்தவர் அந்தத் தம்பியின் மாமியார். பேச்சைக் கேட்டதும் அவர் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்காரர் என்று புரிந்தது. அவருடைய பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அதன்படி இவருடைய அண்ணன் விண்ணப்பித்து, கப்பலில் ராமேசுவரம் வந்து, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்று, பணி ஓய்வும் பெற்றுவிட்டார். இவர் கணவரோடு அங்கேயே தங்கி, 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு இடம்பெயர்ந்து, கடைசியில் 1990-இல் படகில் வந்தார். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் அண்ணன் இந்தியக் குடிமகன், தங்கை வெளிநாட்டவர். அண்ணன் ரெப்கோ வங்கியில் உறுப்பினராகலாம்; தங்கையால் முடியாது. "அண்ணே காயிதத்தோட வந்தாரு, நான் உசுரோட வந்தேன்" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் பேச வரவில்லை.

படிப்பில் முகாம் பிள்ளைகள் எங்கள் பகுதிப் பிள்ளைகளை விஞ்சிவிட்டார்கள் என்பது என் எண்ணம். பஜாரில் காசு புரண்ட ஆண்டுகளில் எங்கள் பையன்களைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கடையில் உட்காரவைத்தோம். அவர்களோ விற்பதற்கு எதுவும் இல்லாததால் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் கல்லூரிக் கதவுகள் சில ஆண்டுகள் அவர்களுக்கு மூடிக் கிடந்ததையும் மீறித்தான் இது நடந்தது. 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் மாலை வகுப்புகளைப் பற்றிப் பெற்றோர் நன்றியோடு பேசுகிறார்கள். ஆனால் பொறியியல் படித்து முடித்த பையன் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல், வெளிநாட்டு வாய்ப்புக்குக் கடவுச்சீட்டும் இல்லாமல், அப்பாவோடு சேர்ந்து பிரஷ் பிடிப்பதையும் என் கடை வாசலிலேயே பார்க்கிறேன்.

அந்த 1991-ஐப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆண்டு ஜூனில், முகாமுக்கு வெளியே பதிவு செய்து வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று எங்கள் மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்தது. போலீஸ் விசாரணை வரும் என்று பயந்து அப்பா மறுத்துவிட்டார். வாசலில் அந்த அம்மாள் குழந்தையோடு நின்றதும், "நாங்களும் அகதியாத்தானே வந்தோம்" என்று அம்மா உள்ளேயிருந்து மெல்லச் சொன்னதும் நினைவில் இருக்கின்றன. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நானும் அப்பாவுக்கு எதிராக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே வாசலுக்கு அதே கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. என் தங்கை மகளும் அந்தத் தம்பியின் சித்தி மகனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையன் 1996-இல் முகாமில் பிறந்து, பொறியியல் முடித்து, அம்பத்தூரில் தனியார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். சாதியைப் பற்றிய முணுமுணுப்பு இரண்டு பக்கமும் இருந்தது. அது பேசித் தீர்ந்தது. தீராமல் நின்றது குடியுரிமை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்த அடிப்படையில்தான், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த குழந்தைக்கோ, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பையனை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள், எங்கள் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தையை எந்த நாட்டுப் பிள்ளை என்பார்கள் என்று நாங்கள் கேட்டபோது, வழக்கறிஞர் உறுதி சொல்ல மறுத்துவிட்டார்.

என் தங்கை இரண்டு மாதம் அழுதாள். "நாம் கப்பலில் வந்தோம், அவர்கள் படகில் வந்தார்கள், அவ்வளவுதான்" என்று நான் சொன்னதற்கு, "அப்பாவின் காகிதம் அவர்களிடம் இல்லையே அண்ணா" என்று திருப்பிக் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் 1991-இல் பேசாமல் இருந்ததைப் போல இந்த முறை இருக்க எனக்கு மனம் வரவில்லை. 2023 ஆவணியில் எங்கள் பகுதி முனீஸ்வரர் கோயிலில் திருமணம் நடந்தது. பர்மாவிலிருந்து வந்த எங்கள் பெரியவர்களின் மொய்ங்கா என்ற மீன்சாறு நூடுல்ஸும் முகாம் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த பயற்றம் பணியாரமும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டன. அடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. செய்தி வந்த அன்று மாலை முகாமிலிருந்து நான்கைந்து பேர் கடைக்கு இனிப்போடு வந்தார்கள். அதில் குடியுரிமை என்ற சொல் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். சிறைக்கு அனுப்ப மாட்டார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வண்டி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் காப்பீட்டுத் தொகையை நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக்கொண்டு அந்தத் தம்பி கடைக்கு வருவார். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்திடுவேன். இந்த முறை தங்கை மகளின் குழந்தையையும் வண்டியின் முன்னால் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை அவள் கடை வாசலில் அந்த வண்டியின் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள்.