ஒடுங்கிய நெடுவரிசையும் மறைத்த நெடுவரிசையும் ஒன்றல்ல

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அட்டவணையில் ஒரு நெடுவரிசையைத் திரையில் தெரியாமல் செய்யும் 'ஹைட் காலம்' (Hide Column) என்ற மெனுக் கட்டளைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை தொடங்கி நான்கு நாளாகிறது. இதுவரை வந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன்: மறை, ஒளி, கர, அடை, மடக்கு. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் எதுவும் முழுதாக ஒட்டவில்லை. அகலத்தைச் சுழியமாக்குவது, உண்மையாகவே மறைப்பது என்ற இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே பெயரைத் தேடுகிறோம், அதுதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது.

முதலில் நெடுவரிசை. பேச்சில் எல்லோரும் 'காலம்' என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் அது நேரத்தைக் குறித்துவிடுகிறது. பள்ளியில் அணிகள் படித்தவர்களுக்கு 'நிரை, நிரல்' பழக்கம். ஆனால் கணினித் துறையில் நிரல் என்பது நாம் எழுதும் புரோகிராம். 'நிரலை மறை' என்று மெனுவில் போட்டால் மூலநிரலை மறைப்பதாகத்தான் படிப்பார்கள். 'பத்தி' உரைநடைக்குப் போய்விட்டது. நீளமாக இருந்தாலும் நெடுவரிசையே இருக்கட்டும்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். விண்டோஸ் மென்பொருள் எழுத உதவும் டாட்நெட் விண்டோஸ் ஃபார்ம்ஸ், அதில் பட்டியலை அட்டவணையாகக் காட்டும் லிஸ்ட் வியூ. தேதி, வண்டி எண், ரகம், மூட்டை, எடை, ஈரப்பதம், வங்கிக் கணக்கு எண், தொகை என எட்டு நெடுவரிசை. எடைமேடைக்குப் பக்கத்திலேயே கணினி. நெல் கொண்டுவருபவர்கள் திரையைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். ஒருவர் கணக்கு எண் இன்னொருவர் கண்ணில் படக்கூடாது, ஆனால் பணம் அனுப்பும்போது வேண்டும். அந்த லிஸ்ட் வியூவின் நெடுவரிசைக்கு, தெரிய வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் 'விசிபிள்' என்ற பண்பே கிடையாது. பலரும் செய்வதையே நானும் செய்தேன்: அகலத்தைச் சுழியம் ஆக்கினேன். திரையிலிருந்து போய்விட்டது. 'மறைத்தாயிற்று' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தாளடி அறுவடை நேரம். எடை போடும் பையன் ஈரப்பதத் தலைப்பை அகலமாக்கப் பார்த்திருக்கிறான். கோட்டருகே மவுஸை வைத்து இழுத்ததும் ஈரப்பதம் அகலவில்லை. பக்கத்தில் நசுங்கிக் கிடந்த கணக்கு எண் விரிந்தது. அன்று வந்த அத்தனை பேருடைய எண்களும் வரிசையாக, சுற்றி நின்றவர்கள் முன்னால். ஆலைக் கணக்குப்பிள்ளை போன் போட்டார். "தம்பி, மறைச்சிட்டேன்னு சொன்னீங்களே. இது மறையலியே, ஒடுங்கியில்ல கெடக்கு" என்றார். திட்டவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வாக்கியம் காதில் இருக்கிறது.

விண்டோஸில் இதை நீங்களே பார்க்கலாம். சுழிய அகல நெடுவரிசை இருக்கும் இடத்தில், தலைப்புகளுக்கு நடுவிலுள்ள கோட்டின்மேல் மவுஸை வையுங்கள். குறி ஒரு வடிவில் இருக்கும். ஒரு நூல் வலப்பக்கம் நகர்த்துங்கள். நடுவில் பிளந்த இன்னொரு வடிவமாக மாறும். இங்கே ஒன்று மூடிக் கிடக்கிறது, இழுத்துத் திறக்கலாம் என்பதுதான் அதற்குப் பொருள். இழுப்பதைத் தடுக்க, தலைப்புப் பட்டை அனுப்பும் 'பிகின் டிராக்' (BeginTrack) அறிவிப்பை மறுக்க வேண்டும். கோட்டில் இரட்டைச் சொடுக்கினாலும் விரியும்; அதைத் தனியே தடுக்க வேண்டும். கண்ட்ரோல் விசையோடு எண்பலகையின் கூட்டல் விசையை அழுத்தினால் எல்லா நெடுவரிசைகளும் உள்ளடக்கத்துக்கு ஏற்ற அகலத்துக்கு வந்துவிடும். நாம் ஒளித்து வைத்ததும் சேர்ந்து வரும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 'ஃபிக்ஸ்டு விட்த்' என்ற கொடி இருக்கிறது. அகலத்தைப் பயனர் மாற்றாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் இத்தனை காவல் எதற்குத் தேவைப்படுகிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருப்பதால்.

மற்ற இடங்களில் கதை வேறு. அதே டாட்நெட்டில் டேட்டாகிரிட்வியூ என்ற இன்னொரு அட்டவணையில் நெடுவரிசைக்கு 'விசிபிள்' உண்டு. திரைகளை அமைக்க உதவும் வேறு கருவித்தொகுப்புகளில், க்யூட்டியில் (Qt) 'செட் காலம் ஹிடன்' இருக்கிறது. ஜிடிகேயில் (GTK) மரம்போல விரியும் பட்டியலின் நெடுவரிசைக்கும் இப்படி ஒரு பண்பு உண்டு. இவற்றில் தரவு அப்படியே இருக்கும். திரையில் இடம் ஒதுக்கப்படாது. இழுக்க விளிம்பே இருக்காது. இதுதான் மறைத்தல். மூன்றாவதாக, நெடுவரிசையையே எடுத்துவிடுவது. அது நீக்கல். அதற்குப் பின்னால் இருப்பவற்றின் எண்கள் ஒன்று குறையும். 7ஆம் எண்ணை நம்பி எழுதியவன் தவிக்க வேண்டும். நீக்கலில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை, விட்டுவிடுகிறேன்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். திருவையாற்று அண்ணன் எழுதியது:

> மடையை அடைத்தால் தண்ணீர் வாய்க்காலில் நிற்கும், வயலுக்கு வராது. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. நெடுவரிசையும் அப்படித்தான், தம்பி.

வந்ததிலேயே மனசுக்குப் பிடித்த விளக்கம் இது. ஜூனில் மேட்டூர் திறந்து, தண்ணீர் எப்போது வரும் என்று கடைமடையில் காத்திருந்து வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால், அண்ணே, மெனுவில் 'நெடுவரிசையை அடை' என்று எழுதிப் பாருங்கள். இலக்கை அடை, கரையை அடை என்பதுபோல அங்கே போய்ச் சேரச் சொல்வதாகப் படிக்க நேரும். சுட்டும் பொருள் நேர் எதிராகிவிடும். விளக்கக் கையேட்டில் உங்கள் மடை கட்டாயம் வர வேண்டும்; மெனுவுக்கு ஆகாது.

'ஒளி' வெளிச்சமாகிவிடுகிறது. 'கர' அழகான சொல், கரந்துறைச் செய்யுள் என்று சித்திரகவி வகையே இருக்கிறது; ஆனால் கரவு என்றால் வஞ்சகம். அடுத்தவர் கணக்கு எண்ணைக் காக்கிற செயலுக்கு அந்த நிழல் வேண்டாம். 'மடக்கு' அந்த மரப் பட்டியலின் கிளைகளை மடக்கி விரிப்பதற்குத் தேவைப்படும், அங்கேயே விடுவோம்.

மிஞ்சுவது 'மறை'. எல்லோருக்கும் தெரிந்த சொல், 'காட்டு' என்ற எதிர்ச்சொல் தயாராக இருக்கிறது. ஓர் எச்சரிக்கை மட்டும்: நிலையைச் சொல்லும்போது 'மறைந்த நெடுவரிசைகள்' என்று எழுதக் கூடாது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வரும் 'மறைந்த' அது. 'மறைத்த நெடுவரிசைகள்' என்றே எழுத வேண்டும்.

அகலம் சுழியமானதற்குக் கணக்குப்பிள்ளை சொன்ன சொல்லையே முன்மொழிகிறேன்: ஒடுங்கிய நெடுவரிசை. ஒடுங்கிய சந்து என்கிறோம். சந்து இருக்கிறது, அகலம்தான் இல்லை. கும்பகோணத்துப் பித்தளைக் குடத்தில் ஒடுக்கு விழுந்தால் உலோகம் காணாமல் போவதில்லை. தட்டி ஒடுக்கெடுத்தால் பழைய வடிவம் வந்துவிடும். சுழிய அகலத்தின் இயல்பும் அதுவே.

முதலில் 'ஒடுக்கு' என்று வினையாகவே போட்டிருந்தேன். நாகப்பட்டினத்து அக்கா தனி மடலில் எழுதினார்: "1968இல் கீழ்வெண்மணி நடந்த மண் இது. 'ஒடுக்கப்பட்ட' என்ற சொல்லை நெடுவரிசைக்குப் போடாதீர்கள்." அவர் சொன்னது சரி. 44 உயிர் போன இடத்தின் சொல்லை அகலத்துக்கு எடுத்துக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே பிறவினை வேண்டாம். 'ஒடுங்கு' என்ற தன்வினை மட்டும். பயனர் பார்க்கும் மெனுவில் 'மறை / காட்டு'தான் வரும். ஒடுங்கிய நிலையைப் பற்றிப் பேசவேண்டியவர்கள் நிரல் எழுதுகிறவர்கள். அவர்களுக்கு 'ஒடுங்கிய' என்ற பெயரெச்சமே போதும். திரும்பக் கொண்டுவருவதற்கு 'விரி'.

ஆலை மென்பொருளை டேட்டாகிரிட்வியூவுக்கு மாற்றிவிட்டேன். சிஎஸ்வி கோப்பாக எடுக்கும் பெட்டியில் 'மறைத்த நெடுவரிசைகளையும் சேர்' என்ற தேர்வு இருக்கிறது. இயல்பாகத் தேர்வு செய்யாமல் வைத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை படித்துப் பார்த்து, "இப்ப புரியுது" என்றார். 'சேர்' என்பதா, 'சேர்த்து எழுது' என்பதா என்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. சொல்லுங்கள்.